கேட்காமல் அழித்த மெஷின்

வசந்தாமணி நாமகிரிப்பேட்டையில் கணக்கு டீச்சர். வீட்டில் கோழிப்பண்ணை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில், டி.வி.யோடு இணைக்கிற வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தவள், தீவனத்துக்கு மக்காச்சோளம் எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு, கருவாட்டுத் தூள் எவ்வளவு என்று சொல்லும் புரோகிராமைச் சாயங்காலம்தான் அடித்து முடித்தாள். கேசட்டில் பதியப் போனபோது விரல் பக்கத்துப் பட்டனில் பட்டுவிட்டது. அது அழிக்கும் பட்டன். நூற்று நாற்பது வரியும் போச்சு. மெஷின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பெனி பெயரைக் கொட்டை எழுத்தில் காட்டி, டொய்ங் டொய்ங் என்று ஒரு பாட்டு வேறு வாசித்தது.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

அடுத்த மாதம் அந்தக் கம்பெனிக்காரர்கள் சேலத்தில் ஒரு ஹால் பிடித்து, மெஷினை இயக்கிக் காட்டினார்கள். இன்ஜினியர் சென்றாயன் அரைமணி நேரமாக ஒரு புரோகிராமை வரி வரியாக அடித்துக்கொண்டிருந்தார். வசந்தாமணி எழுந்தாள்.

“ஏனுங்க, அழிக்கறதுக்கு முந்தி ‘அழிக்கட்டுமா’ன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா?”

“இடமில்லைங்க மேடம். ஆபரேட்டிங் சிஸ்டம் மொத்தமும் ஒரே சிப்புக்குள்ள அடங்கணும். பதினாறாயிரம் எழுத்துக்குத்தான் இடம். பெரிய சிப் போட்டா வெல ஏறிரும். ஒண்ணைச் சேக்கணும்னா இன்னொண்ணை எடுக்கணும்.”

“அந்தப் பாட்டு எவ்வளவு எடம் புடிக்குதுங்க?”

சென்றாயன் தொண்டையைச் செருமினார். “முந்நூறு எழுத்து இருக்குமுங்க.”

“நான் சொல்ற கேள்விக்கு?”

“அதுல பாதிகூட வேண்டாம். ஆனா பாட்டு முதலாளி ஆசைப்பட்டு வெச்சதுங்க.”

“அவரு ஆசைக்கு எடமிருக்குது, நான் ஒரு நாளெல்லாம் பட்ட பாட்டுக்கு இல்லையாக்கும்!”

விறுவிறுவென்று மேடை ஏறி, யாரும் தடுப்பதற்குள் அந்தப் பட்டனை அழுத்தினாள். திரை வெறுமையானது. கம்பெனி பெயர் வந்தது, பாட்டும் வந்தது. “ஐயோ!” என்று சென்றாயன் நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

“இப்பத் தெரியுதுங்களா?” என்றாள்.

இரண்டு மாதம் கழித்துத் தபாலில் ஒரு சிப் வந்தது. கூடவே சென்றாயன் எழுதிய சீட்டு: ‘பழையதைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகுங்கள். பாட்டை எடுத்துவிட்டேன். இனிமேல் கேட்டுவிட்டுத்தான் அழிக்கும். முதலாளிக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும்.’

செருகி, அழிக்கும் பட்டனை அழுத்திப் பார்த்தாள். ‘அழிக்கட்டுமா’ என்று கேட்டது. அப்புறமும் ஆத்திரம் அடங்கவில்லை. இந்த மெஷினை வாங்கிய மற்றவர்களெல்லாம் என்ன பாவம் செய்தார்கள்? ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்து முதலாளிக்கே எழுத ஆரம்பித்தாள். சென்றாயனைப் பற்றியோ அந்தச் சிப்பைப் பற்றியோ மூச்சு விடவில்லை. மற்றதையெல்லாம் எழுதினாள்.