யாரும் வேலை செய்யாத கடை

அரசாங்கத்துக்காகத் தொழில்களைக் கணக்கெடுக்கும் பெனியமினா மூன்றாம் முறையாக அந்தக் கடைப் படியேறியபோது, ஃபிலெமு தலையைக்கூட நிமிர்த்தாமல், "நீயே போறியா, நாயை அவுத்து விடணுமா?" என்று கேட்டாள். கையில் கொடுவாள். எதிரே உறைந்துபோன வான்கோழி வால்கள் பாறாங்கல்லாகக் கிடந்தன.

முதல் முறை நாயை அவிழ்த்துவிட்டவள் அவள்தான். தூத்துயிலா தீவில் நாய்க்குப் பஞ்சமில்லை என்றாலும் இது படித்த நாய். பெனியமினாவை விட்டுவிட்டு அவன் தோள்பையைப் பிடுங்கிப் பதினாறு படிவங்களில் பதினைந்தைத் தின்றது. பதினாறாவதை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டது. அது நிரப்பாத படிவம்.

இரண்டாம் முறை வந்தது மாலை ஜெப நேரத்தில். ஜெபமணி அடித்தபின் எவனாவது தெருவில் நடந்தால் அபராதம் என்பது ஊர்க் கட்டளை. தெருமுனையில் தடியோடு நிற்கும் இளவட்டங்கள் பிடித்துக்கொண்டார்கள். அபராதம், ஒரு பெட்டி டின் மீன். ஊரில் அதற்கு இருப்பது இந்த ஒரே கடை. வாங்கினான். ஊர்த் தலைவர் தாலியவாவின் காலடியில் வைத்தான். கடையும் தாலியவாவின் குடும்பக் கடைதான் என்பதால் பெட்டி அன்றிரவே பழைய தட்டுக்குத் திரும்பிவிட்டது. சுகாதார அதிகாரி, வேறு சபைப் பிரசங்கியார், மின்சாரக்காரர் என்று அந்த ஒரே பெட்டியை இதுவரை பதினோரு பேர் வாங்கியிருக்கிறார்கள். டின்கள் உப்பி, பெட்டி பிள்ளைத்தாச்சி மாதிரி இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் அவன் வந்ததற்குக் காரணம் ஒரு நாற்காலி. தீவின் மேற்குக் கோடியில் அவன் கணக்கெடுக்க வேண்டிய தொழில்கள் அறுபத்தொன்று. டயர் ஒட்டுகிறவன், துணி வெளுக்கிற இயந்திரம் வைத்திருப்பவள், சவ ஊர்தி ஓட்டுகிறவர் என்று அறுபது முடிந்துவிட்டது. இன்று கடைசி நாள். "அறுபதுக்கு நன்றி சொல்வோம். அறுபத்தொண்ணுக்குத்தான் நிரந்தர வேலை" என்று தலைநகர் பாகோ பாகோவின் அலுவலகத்து மேலாளர் அம்மாள் சொல்லியிருந்தாள். மீன் ஆலையில் நின்றே நாற்பத்தேழு வயதை எட்டியவனுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை. அவன் மனைவி தன் தங்கைகளிடம் அதைப் பற்றி ஏற்கெனவே பீற்றிக்கொண்டுவிட்டாள்.

தாலியவா உள்ளே வந்தார். அவர் வயிறு சற்று முன்னதாகவே வந்திருந்தது.

"என்னப்பா கணக்குப்பிள்ளை, மறுபடியும் மீன் வாங்க வந்தியா?"

"ஐயா, பத்தே கேள்வி. நீங்க சொல்றதைக் கோர்ட்டுகூடப் பார்க்க முடியாது. சட்டம் அப்படி."

"கோர்ட்டே பார்க்காதுன்னா எந்தப் பேய் பார்க்கறதுக்கு எழுதுற? சரி, கேளு. சீக்கிரம்."

உரிமையாளர் யார்? குடும்பம். எத்தனை வருஷமாக? தேங்காய் காய்க்க ஆரம்பித்ததிலிருந்து. சம்பளத்துக்கு எத்தனை பேர்? யாருமில்லை. சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் குடும்பத்தினர்?

"யாருமில்ல."

கொடுவாள் டொக்கென்று இறங்கியது. பெனியமினா ஃபிலெமுவைப் பார்த்தான்.

"அப்ப இவங்க?"

"அவ என் தங்கச்சி மக. குடும்பத்துக்குச் சேவை செய்யுறா. உன் கை உன் வாய்க்குச் சோறு ஊட்டுதே, அதுக்கு வேலைக்காரன்னு பேர் எழுதுவியா? கிறிஸ்துமசுக்கு என் மவன் பட்டாளத்துலேர்ந்து வர்றான். கடை அவனுக்கு. இவ அடுப்படிக்கு. இப்ப போய் நீ ஒண்ணுன்னு எழுதி, நாளைக்கு இவ உரிமை பேச வரவா? பூஜ்யம் போடு. இல்லன்னா கிளம்பு."

பெனியமினா நாற்காலியை நினைத்தான். பூஜ்யம் போட்டான். நல்ல உருண்டையான பூஜ்யம்.

அப்போது, மரத்தில் தொங்கும் காலி எரிவாயு உருளையை யாரோ இரும்பால் அடித்தார்கள். முதல் ஜெபமணி. தாலியவா அவசரமாகத் தெருவைக் கடந்து தன் வீட்டுக்குப் போனார். தூண்களும் கூரையும் மட்டும் உள்ள, சுவரில்லாத வீடு. இரண்டாம் மணி அடிப்பதற்குள் இளவட்டங்கள் தெருவில் வந்து நின்றுவிட்டார்கள். இனி முடிவு மணி வரை யாரும் வாசல் தாண்டக் கூடாது. பெனியமினா கடைக்குள் மாட்டிக்கொண்டான்.

"பூஜ்யம் போட்டியா?" என்றாள் ஃபிலெமு.

"போட்டேன்."

"நல்லா இரு. உன் பொண்டாட்டியும் வீட்டுல சும்மாதானே இருக்கா?"

எதிரே தாலியவா வீட்டில் ஜெபப் பாட்டு ஆரம்பித்தது.

"யார் சொன்னா அந்தத் தாள் செல்லும்?" என்று கேட்டாள் ஃபிலெமு.

"கடையைப் பத்தித் தெரிஞ்சவங்க யார் சொன்னாலும்."

"தட்டுல உப்பு எங்க இருக்குன்னு அந்தாளுக்குத் தெரியாது. இன்னொரு தாள் எடு."

"ஃபிலெமு, இதால உனக்கு ஒண்ணும் ஆகாது. கடை கிடைக்காது. உன் பேரை யாரும் பார்க்கக்கூட மாட்டாங்க."

"பத்தொம்போது வருஷமா எவன் பாத்தான்? பாக்காத எடத்துலயாவது இருந்துட்டுப் போறேன். எடு."

அவள் பேனாவை வாங்கினாள். கறிக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வாசலுக்கு நேராக, வெளிச்சத்தில் வைத்து எழுதத் தொடங்கினாள்.

முப்பது தப்படி தள்ளி, பாட்டின் இரண்டாம் அடியில் தாலியவா அதைப் பார்த்தார். எழுந்து வர முடியாது; கட்டளை போட்டவரே அவர். கத்த முடியாது, ஜெபம் நடக்கிறது. ஆகவே வேகத்தைக் கூட்டினார். வீட்டுப் பெண்கள் இரண்டாம் அடியில் இருக்கும்போதே அவர் நான்காம் அடியை முடித்துவிட்டார். கடலில் போகும் கப்பல்கள், நோயாளிகள், ஆளுநர், அமெரிக்க ராணுவம் எல்லோரையும் ஒரே மூச்சில் கர்த்தரிடம் ஒப்படைத்து ஆமென் என்றார். தூணைப் பிடித்து அரைவாசி எழுந்தும்விட்டார். தெருவில் தடியோடு நின்ற அவருடைய அண்ணன் மகன் மிகுந்த மரியாதையோடும், அபராதம் போடும் ஆசையோடும் திரும்பிப் பார்த்தான். தாலியவா உட்கார்ந்துவிட்டார். முடிவு மணி அடிக்க வேண்டிய மூப்பர் பக்தியில் நிதானமானவர்.

ஃபிலெமு அவசரப்படவில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? தொண்ணூற்றிரண்டு. சம்பளமில்லாமல் வேலை செய்பவர்? ஒன்று. தகவல் தந்தவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரைக் கட்டம் தாண்டி எழுதினாள்.

மணி அடித்தது. தாலியவா அவ்வளவு வேகமாக நடந்து அந்த ஊர் பார்த்ததில்லை.

"கொடு அதை. என் தாளைக் கொண்டுபோனா உனக்கு உன் வேலை. அவ எழுதினதைக் கொண்டுபோனா நாளைக்கு ஆளுநர் ஆபீசுக்கு நானே போன் போடுவேன். பொய்க் கணக்கு எழுதினான்னு சொல்லுவேன். என் பேச்சா, உன் பேச்சா?"

இரண்டு தாள்களும் அவன் கையில் இருந்தன. வாசலில் அதற்குள் ரொட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். பெனியமினா உருண்டையான பூஜ்யம் இருந்த தாளைத் தலைவர் கையில் வைத்தான்.

"இது உங்க வாயால சொன்னது, ஐயா. நீங்களே வச்சுக்கலாம்." மற்றதைச் சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்தான். "இதைச் சட்டப்படி காட்ட முடியாது."

தாலியவாவின் முகம் டின் மீன் பெட்டி போல உப்பியது. ஃபிலெமு பக்கம் திரும்பினார். "நீ என்னடி நிக்கிற? சனம் காத்துக் கெடக்கு. வேலையப் பாரு."

"இங்க யாரும் வேலை செய்யலன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?" என்றாள் அவள். கொடுவாளைக் கழுவி மாட்டினாள். கல்லாவின் மடக்குப் பலகையைத் தூக்கி வெளியே வந்து, வரிசையின் கடைசியில், ரொட்டி வாங்க வந்த கிழவருக்குப் பின்னால் நின்றாள்.

பெனியமினா பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். வயிற்றில் தாள் வியர்வையில் ஒட்டியிருந்தது. கடைக்குள் விளக்கு எரிந்தது. யாரோ தீப்பெட்டி கேட்டிருக்க வேண்டும். தாலியவா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்து, மூடி, அடுத்ததைத் திறந்துகொண்டிருந்தார். வரிசை நகரவில்லை.