ஒரு நூலளவு வலப்பக்கம்

மே மாதம் பிறந்தால் எர்சீலியாவுக்கு ஊரில் ஒருவர் முகத்திலும் விழிக்கப் பிடிக்காது. கடைசி ஞாயிற்றுக்கிழமை குறுக்குவில் போட்டி. அதுவரை ஆள் மாற்றி ஆள் பட்டறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். நாண் தளர்ந்துவிட்டதாம், விசை கடிக்கிறதாம், தண்டு ஈரம் குடித்துவிட்டதாம். குறி தவறியவன் எவனும் தன் கையைக் குறை சொல்லி அவள் கேட்டதே இல்லை. பழியெல்லாம் வில்லின் தலையில்தான்.

அந்த மலையூரில் உள்ள வில்களில் பாதிக்கு மேல் அவள் கையால் ஆனவை. வால்நட் மரத்தில் தண்டு, எஃகில் வில், சணல் நூலை மெழுகில் தோய்த்து முறுக்கிய நாண். அறுநூறு வருஷத்துக்கு முன் இல்லாத எதுவும் வில்லில் இருக்கக் கூடாது என்பது சங்கத்தின் சட்டம். அதனால் குறிபார்க்கும் பித்தளைத் தகட்டுக்குத் திருகாணி கிடையாது. செய்தவரே எய்து பார்த்து, நேர் என்று மனசு ஒப்பியபின் இரண்டு ஆணி அடித்து இறுக்கிவிட வேண்டும். பிறகு அது யார் கையிலும் நேராகப் போக வேண்டும். முப்பது வருஷமாக அதுதான் அவள் பெயர்.

அந்தப் பெயரில் மூன்று வருஷமாக அவளே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் புருஷன் துயீலியோவுக்காக. எழுபது வயது, சங்கத்தில் மூத்தவன், இரண்டு முறை வென்றவன். திடீரென்று ஒரு வசந்தத்தில் அவன் அம்புகள் ஒதுங்கத் தொடங்கின. சிதறவில்லை. பத்தும் ஒரே கொத்தாக, ஆனால் மையத்துக்கு இடப்புறம். வில்லைக் கட்டையில் பூட்டி அவளே எய்து பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. அதே வாரம் அவன் ஒயினைக் கோப்பைக்குப் பக்கத்தில், மேசைமேல் ஊற்றினான். அவளுக்குப் புரிந்துவிட்டது. உன் கண் போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆணியைப் பிடுங்கி, தகட்டை ஒரு நூலளவு வலப்பக்கம் தள்ளி அடித்துக் கொடுத்தாள். அடுத்த வருஷம் இன்னொரு நூல்.

"பாத்தியா! வில்லுலதான் கோளாறுன்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல?" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவளும் கூடச் சிரித்து வைத்தாள்.

இந்த வருஷம் சங்கத்தின் புதுத் தலைவர் வாஸ்கோ பழைய வழக்கம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். போட்டிக்கு முந்தைய ஞாயிறன்று சீட்டுக் குலுக்கி, ஒருவர் வில்லில் மற்றவர் மூன்று அம்பு விட வேண்டும். தனக்குத் தோதாக யாரும் வில்லை வளைத்துக்கொள்ளக் கூடாதாம். எர்சீலியா திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சீட்டு எடுத்தாகிவிட்டது. துயீலியோவின் வில் மிர்கோ கையில் இருந்தது. மிர்கோ ரொட்டிக்கடைக்காரன், போன வருஷம் வென்றவன்.

முதல் அம்பு, குறியாக வைத்திருந்த மரக்கூம்பின் வலது விளிம்பைச் சீவிக்கொண்டு போனது. அடுத்த இரண்டும் கூம்பையே தொடவில்லை.

"மாயெஸ்த்ரா!" என்றான் மிர்கோ. ஆசான் என்ற மரியாதையில் ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடும். "இது நீங்க செஞ்சதா, இல்ல எதிரூர்க்காரன் அன்பளிப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். வாஸ்கோ மட்டும் சிரிக்கவில்லை. "இந்த ஆணி உங்க கையால அடிச்சதுதானே, சிஞோரா?" என்றார். மாயெஸ்த்ரா இல்லை, வெறும் அம்மா.

உண்மையைச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் துயீலியோவின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். அவன் வெல்வெட் தொப்பியோடு, நிம்மதியாக, அவள் பதிலுக்குக் காத்திருந்தான்.

"நான் அடிச்சதுதான். தப்பு என்னோடது," என்றாள்.

சிரிப்பு நின்றது. ஒருவன் தன் வில்லை எடுத்து ஒற்றைக்கண்ணால் தகட்டை உற்றுப் பார்த்தான். பிறகு இன்னொருவன். துயீலியோவின் முறை வருவதற்குள் சோதனையே கலைந்துவிட்டது. அவள் திடலை விட்டு இறங்குவதற்குள், வேறு ஊர் ஆசானிடம் காட்ட ஐந்து வில்களை ஒரே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவள் மனசு வெந்துபோயிற்று.

வீட்டில் துயீலியோ அவளை அடுப்படிக்கு விடவில்லை. தானே அவரைக்கொட்டை சூப்பைச் சூடாக்கி, ரொட்டி நறுக்கி வைத்து, எதிரே உட்கார்ந்தான்.

"மனசுல வச்சுக்காத, எர்சீ. யாருக்குத்தான் வயசாகல? உனக்குக் கண்ணு போயிடுச்சு, அவ்வளவுதான். பட்டறைய மூடிடு. அவங்ககிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

நிஜமான பரிவோடுதான் சொன்னான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கத்தினால் தேவலை போலிருந்தது. கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. மூன்று வருஷமாகச் சுமந்த பொய் இடுப்பை ஒடித்திருந்தது. இன்னொரு வருஷம் அதைத் தூக்க அவளால் ஆகாது.

சூப்பைக் குடித்து முடித்தாள். பட்டறைக்குப் போய் வில்லைக் கட்டையில் பூட்டி ஆணிகளைப் பிடுங்கினாள். நாலு முறை எய்து பார்த்தாள். தகட்டை மையத்தில் வைத்து அடித்தாள்.

"சரி பண்ணிட்டியா?" துயீலியோ வாசலில் நின்றான்.

"பண்ணிட்டேன். இப்ப நேரா இருக்கு."

"மிர்கோ கையிலயும்?"

"யார் கையிலயும்."

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை பாரு நம்ம ஆட்டத்த!" வில்லைத் தோளில் தூக்கிக்கொண்டு, விசிலடித்தபடி பயிற்சிக்குக் கிளம்பினான்.

எர்சீலியா அவனைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை.