சிரித்தால்தான் எடுப்பேன் என்றது கேமரா

எங்கள் வீட்டில் இருக்கும் சார்ஜர் வயர்களை ஒன்றோடொன்று முடிந்து இழுத்தால் நிலாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, மொட்டைமாடியில் துணி காயப்போடவும் மிச்சம் இருக்கும். நான் இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்துச் சொல்வதாக என் மனைவி சொல்வாள். அவள் கணக்குப்படி நிலா வரைக்கும்தான் வருமாம்.

நான் முப்பத்தொரு வருடம் லிப்ட் ஆய்வாளராக இருந்தவன். ஓய்வு பெற்ற மறுநாள் காலை, சோதித்துப் பார்க்க ஒன்றுமில்லாமல் கை நமநமவென்றது. அன்றைக்கு வாங்க ஆரம்பித்தவன்தான். கேமரா மட்டுமே ஆறு. வீட்டில் எல்லாச் சாமானும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். துணி துவைக்கும் இயந்திரம் என் கைக்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும். கடிகாரம் என் நாடித்துடிப்பை ஃப்ரிட்ஜுக்குச் சொல்லும். அதைத் தெரிந்துகொண்டு ஃப்ரிட்ஜ் என்ன செய்கிறது என்பதை மட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் நான் கோபமாக இருக்கும் நாட்களில் முட்டை சீக்கிரம் கெட்டுப்போகிறது.

போன மாதம் மலைமேல் ஒரு பழைய விடுதியில் என் மனைவியின் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் கூடினார்கள். மூத்தவர் பெரிய மச்சான். விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். அவர் பார்த்த பார்வையில் ஒன்றும் ஒளிக்காதவர்கள்கூடப் பெட்டியைத் திறந்து, பக்கத்தில் நிற்பவரின் பெட்டியையும் சேர்த்துத் திறந்து காட்டுவார்களாம். அடுத்தவர் அக்கா, கணக்கு டீச்சர். மூன்றாமவர் சின்ன மச்சான், மாட்டு டாக்டர். கடைக்குட்டி என் மனைவி.

இந்த நாலு பேரும் சேர்ந்து இருக்கும் புகைப்படம் உலகத்திலேயே கிடையாது. சின்ன வயதில் ஸ்டூடியோவுக்குப் போனபோது இவளுக்குக் காய்ச்சல். மற்ற மூவரும் நிற்கிறார்கள். இவள் நிற்க வேண்டிய இடம் காலியாகத் தெரியக்கூடாது என்று ஸ்டூடியோக்காரர் அங்கே ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டார். ஐம்பத்தெட்டு வருடமாக இவளுக்கு அந்தத் தொட்டியோடு தீராத பகை. அதற்குப் பிறகு எந்த விசேஷம் என்றாலும் ஒருவர் வந்தால் இன்னொருவருக்கு வேலை. எங்கள் கல்யாணத்தன்றே பெரிய மச்சான் யாருடைய பெட்டியையோ குடைந்துகொண்டிருந்தார். இப்போது அவருக்கு எழுபத்தெட்டு. கடல் தாண்டி மகள் வீட்டோடு போய்த் தங்கிவிடப் போகிறார். நாங்கள் கூடியதற்கு மறுநாள் காலை பதினொரு மணிக்கு விடுதி வாசலிலிருந்தே அவருக்கு டாக்ஸி.

வீட்டிலிருந்து புறப்படும்போதே மனைவி சொல்லிவிட்டாள்.

"என்னங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நாலு பேரும் ஒரே படத்துல. இதையும் நீங்க சொதப்பினா சண்டையெல்லாம் போட மாட்டேன். பேசாம இருந்துடுவேன், அவ்வளவுதான்."

சண்டை என்றால் எனக்குப் பழக்கம் உண்டு. பேசாமல் இருப்பது ஆகாது. ஒருமுறை மூன்று நாள் பேசாமல் இருந்தாள். வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர்கள்கூட என்னோடு பேசப் பயந்தன. ஆகவே இந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு சட்டையும் பதினோரு கிலோ கருவிகளும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு காரியம் செய்தேன். இரண்டும் நல்லெண்ணத்தில் செய்தவைதான்.

ஒன்று, முந்தின நாள் மாலை எல்லோருடைய போனையும் வாங்கி, அவர்களுடைய பழைய படங்களைப் பிரதி எடுத்து வைப்பதற்காக என் புதுச் சேமிப்புப் பெட்டியில் சொருகினேன். காலையில் பார்த்தால் நாற்பத்துமூன்று சதவீதத்தில் நின்றுகொண்டு, "வயரைப் பிடுங்கினால் எல்லாம் போய்விடும்" என்று மிரட்டிக்கொண்டிருந்தது. என்னுடையதையும் சேர்த்து ஐந்து போனும் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் மாட்டியவை மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன.

இரண்டு, பல் தேய்ப்பதற்கு முன்னால் கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்தேன். புதிது வந்திருக்கிறது என்று தெரிந்தும் பழையதை வைத்துக்கொண்டிருப்பது எனக்கு எச்சில் தட்டில் சாப்பிடுவது மாதிரி. அதில் அற்புதமான ஒரு வசதி சேர்த்திருந்தார்கள். எல்லா முகமும் சிரிக்கும்போது கேமரா தானாகவே படம் எடுக்கும். ஒரு முகம் சிரிக்காவிட்டாலும் எடுக்காது. உடனே அதை இயக்கினேன். இயக்கிய பிறகுதான் கவனித்தேன், அதை நிறுத்துவதற்கான இடத்தை எங்கே வைத்தார்கள் என்று அதைச் செய்தவர்களுக்கே தெரியாது போலிருந்தது.

வெளியே கை நீட்டினால் விரல் தெரியாத பனி. அதனால் விடுதிக் கூடத்தில் சோபாவில் நாலு பேரையும் வயது வரிசையில் உட்கார வைத்தேன். முக்காலியை நிறுத்திக் கேமராவைப் பொருத்தினேன். ஜன்னல் வெளிச்சம் பட்டு அதன் திரையில் ஒன்றும் தெரியவில்லை. கவலை இல்லை, கேமரா கைக்கடிகாரத்தோடு பேசும். கடிகாரத்தைப் பார்த்தேன்.

முகங்கள் ஐந்து. சிரிப்பு மூன்று.

ஐந்து என்றதும் கடிகாரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சோபாவில் இருப்பது நாலு பேர். ஐந்தாவது நான் அல்லாமல் யார்? நாற்பத்துநாலு வருடமாக இந்தக் குடும்பத்துக்கு மாப்பிள்ளை. என்னையும் இவர்களில் ஒருவனாகக் கணக்கில் சேர்த்த முதல் ஆத்மா இந்தக் கேமராதான் என்று அதைத் தடவிக்கொடுத்தேன்.

சிரிக்காத இரண்டு பேரில் ஒருவர் பெரிய மச்சான் என்பதைச் சொல்ல இயந்திரம் தேவையில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சுங்க அதிகாரி சிரித்தால் எதிரில் நிற்பவன் அதை லஞ்சத்துக்கு அழைப்பு என்று எடுத்துக்கொள்வானாம். அதனால் முப்பத்தைந்து வருடம் முகத்தைப் பூட்டியே வைத்திருந்தார். ஓய்வு பெறும்போது சாவியை அலுவலகத்திலேயே ஒப்படைத்துவிட்டார் போல.

சின்ன மச்சான் ஒரு காளை தன்னை மரத்தில் ஏற்றிய கதையைச் சொன்னார். மற்ற இருவரும் குலுங்கினார்கள். பெரியவர் காளைக்கு என்ன வயது என்று விசாரித்தார். அக்கா அவர் விலாவில் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தாள். மூடிய கதவைத் தட்டிய மாதிரி இருந்தது.

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் பெரியவர்.

"அண்ணா, அதுக்குப் பேரு உட்கார்ந்திருக்கறது" என்றாள் அக்கா.

மணி பத்தே முக்கால். மனைவியின் சிரிப்பு ஓரத்திலிருந்து மெல்லக் கழன்றுகொண்டிருந்தது. கடிகாரமும் 'சிரிப்பு இரண்டு' என்று இறங்கியது. பயந்துபோய்க் கேமராவின் பொத்தானை நேராகவே அழுத்தினேன். "சிரிப்பு போதவில்லை" என்று எழுதிக் காட்டி என் விரலை அவமானப்படுத்தியது.

அப்போதுதான் என் பங்கு நினைவுக்கு வந்தது. ஐந்தாவது முகமாகிய நானும் சிரிக்கவில்லையே. உடனே கேமராவுக்குப் பின்னால் நின்றபடி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தேன். என் வாயில் இருப்பது இருபத்துநாலுதான், இருந்தாலும் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தேன். கன்னம் வலித்தது. கடிகாரம் அசையவில்லை.

பெரிய மச்சான் என்னைப் பார்த்தார். பழைய பார்வை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் இப்படி வாங்க."

போனேன்.

"இந்தச் சிரிப்பை நான் முப்பத்தஞ்சு வருஷமா பார்த்திருக்கேன். பெட்டிக்கு அடியில எதையோ ஒளிச்சு வெச்சிட்டு, மேல துணி அடுக்கிட்டு வந்து நிக்கறவன் சிரிக்கிற சிரிப்பு. என்ன ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

அந்தப் பார்வைக்கு முன்னால் யாராக இருந்தாலும் உளறிவிடுவார்கள். நானும் திறந்து கொட்டினேன். இந்த வசதியை இயக்கியது நான்தான், நிறுத்தத் தெரியவில்லை என்றேன். போன்களைப் பிடுங்க முடியாது என்றேன். மற்ற ஐந்து கேமராக்களுக்கும் சார்ஜ் போட வைத்திருந்த இடத்தில் போன்களைச் சொருகிவிட்டதால் அவையும் செத்துக் கிடக்கின்றன என்றேன். கேட்காத கேள்விக்கும் சேர்த்து, அவருடைய அறையில் நேற்று ராத்திரி தானாக விளக்கு எரிந்து அணைந்ததற்கும் நானே காரணம் என்றேன்.

"சரி. எல்லாரும் சிரிக்கணும்னு எங்களை இந்தப் பாடு படுத்தினீங்க. பின்னாடி நின்னுக்கிட்டு நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

"மச்சான், கேமரா அஞ்சு முகம்னு சொல்லுது. அஞ்சாவது நான்தானே. என்னால தாமதம் ஆகக் கூடாதுன்னு..."

எங்கோ துருப்பிடித்த கீல் திறப்பதுபோல ஒரு ஒலி. பெரிய மச்சானின் தோள் ஆடியது. மீசை ஆடியது. கீழ்வரிசைப் பல் ஒன்று, பிறகு எல்லாப் பற்களும். எழுபத்தெட்டு வருடச் சேமிப்பு மொத்தமும் வெளியே வந்தது. கண்ணில் நீர் வழிய என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து என் மனைவியும் வாய்விட்டுச் சிரித்தாள். நான் ஒரே தாவலில் கேமராவிடம் ஓடினேன்.

முகங்கள் ஐந்து. சிரிப்பு நான்கு.

எடுக்கவில்லை. பிறந்தது முதல் சிரிக்காதவர் சிரிக்கிறார். இந்தக் கல்நெஞ்சுக்காரக் கேமரா பார்த்துக்கொண்டு நிற்கிறது. வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார்.

சிரிப்புக்கு நடுவிலும் கணக்கு போட்டது அக்கா மட்டும்தான். என்னைக் கேட்டாள்.

"தம்பி, கேமராவுக்குப் பின்னாடி கண்ணு உண்டா?"

"இல்லைக்கா."

"அப்போ நீங்க அதுக்குத் தெரிய மாட்டீங்க. நாங்க நாலு. நாலு போக மிச்சம் ஒண்ணு. அந்த ஒண்ணு எங்க?"

எல்லோரும் திரும்பினோம். சோபாவுக்கு மேலே சுவரில், விடுதியை ஆரம்பித்த முதலாளியின் ஆளுயர ஓவியம். பல்வலி உச்சத்தில் இருந்த நேரத்தில் வரைந்திருப்பார்கள் போல. அப்படியொரு கடுப்பு. அவரை யார் சிரிக்க வைப்பது? கழற்றலாம் என்றால் நாலு மூலையிலும் திருகாணி. இடம் மாறலாம் என்றால் அந்த மனிதர் ஒவ்வொரு சுவரிலும், மாடிப்படித் திருப்பத்தில்கூடத் தொங்கிக்கொண்டிருந்தார்.

மேஜை விரிப்பை உருவினேன். அதன்மேல் இருந்த தேநீர்க் கோப்பைகள் என்ன ஆயின என்பதை விடுதிக்காரர்தான் சொல்ல வேண்டும். சோபாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் ஏறி, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விரிப்பை இரண்டு கையாலும் உயர்த்தி முதலாளியின் முகத்தை மூடினேன். நாற்காலி ஆடியது. முப்பத்தொரு வருடம் லிப்டுகளைச் சோதித்தவன், அந்த நாற்காலியைச் சோதிக்காமல் ஏறிவிட்டேன்.

"மாப்பிள்ளை, பேன்ட் நழுவுது" என்றார் பெரிய மச்சான், அதிகாரபூர்வமாக.

அவ்வளவுதான். நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கேமரா படமாகப் பொழிய ஆரம்பித்தது. அதை நிறுத்தவும் எனக்குத் தெரியாதே. கை மரத்து விரிப்பு நழுவி, முதலாளி மறுபடி உலகத்தை முறைக்கும் வரைக்கும் இருநூற்றுப் பதினெட்டுப் படங்கள். இதில் ஒன்றுகூட நான் கூட்டிச் சொல்லவில்லை, கேமராவின் மெமரி கார்டில் இருக்கிறது, எண்ணிப் பார்க்கலாம்.

பெரிய மச்சான் டாக்ஸியில் ஏறுவதற்கு முன் எல்லோரும் கேமராவைச் சுற்றி நின்று பார்த்தோம். மனைவி திரையில் ஒவ்வொரு முகமாக விரலை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். நாலாவதாகத் தன் முகத்தின்மேல் விரலை வைத்தவள், கொஞ்ச நேரம் அதை எடுக்கவில்லை. அவர்கள் நால்வருக்கும் மேலே, படத்தின் நட்டநடுவில், விரித்த துணியும் அதற்குக் கீழே என் பின்புறமும், இறங்கிய பேன்ட்டோடு, தெளிவாக, துல்லியமாக இருந்தன.

பின்புறத்தை நீக்கிவிடும் மென்பொருள் என்னிடம் இருக்கிறது, ஐந்தே நிமிடம்தான் என்றேன்.

"அதுல கை வெச்சீங்கன்னா பாருங்க" என்றாள். "நீங்க இருக்கற படங்கள்லயே இதுதான் நல்லா வந்திருக்கு."