மூன்று விரல் இடம்

கோழியின் வாயில் கப்பெல்லெத்தி இருந்தது. கறியை அரைத்து அடைத்து, மாவை மடித்து, சுண்டுவிரல் நுனியில் சுற்றி நீவெஸ் காலையில் செய்த அதே சின்னத் தொப்பி. அதைக் கவ்விக்கொண்டு கோழி ஓட, மற்ற கோழிகள் கூச்சலிட்டபடி பின்னால் ஓடின. துணி உலர்த்திக்கொண்டிருந்த நீவெஸுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் ஈரத்துணியைக் கூடையில் போட்டுவிட்டுக் கொட்டகையின் பின்பக்கம் போனாள். ஜன்னலுக்குக் கீழே புல் முழுக்கச் சூப்பின் எண்ணெய் மினுங்கியது. நேற்றைய கீரை அப்பத்தின் ஓரம் ஒன்று கிடந்தது. முந்தாநாள் கறியை எறும்பு மொய்த்திருந்தது. மத்தியானம் தோறும் கொட்டகைக்குப் போன தட்டு ஏன் வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

சமையல் வாசனை குமட்டுகிறது, கொட்டகையில் பழைய கார்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பசிக்கிறது என்று அவள் புருஷன் எர்மெஸ்தான் சொன்னான். அவளும் நம்பினாள். நாற்பது வருஷம் சீஸ் கிடங்குகளில் பார்மிஜானோ உருளைகளைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தரம் பார்த்தவன் அவன். தட்டியது போக மிச்ச நேரமெல்லாம் தின்றவன். கல்யாண வீட்டில் அவன் பக்கத்தில் உட்காரப் பயப்படுவார்கள், தட்டு காலியாகிவிடும் என்று. இப்போது இரைப்பையின் வாயில் ஒரு கட்டி. அறுத்து எடுக்கலாம், ஆனால் இந்த உடம்பு கத்தியைத் தாங்காது, எடை கொஞ்சம் ஏறட்டும், ஏறினால்தான் மேஜையில் படுக்க வைப்பேன் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நீவெஸ் சேவலை விடியற்காலையிலேயே அடுப்பில் ஏற்றினாள், சூப்பில் வெண்ணெயை ஒளித்தாள், சீஸைக் கை வலிக்கத் துருவினாள். தராசு முள் மட்டும் அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

கொட்டகைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே எர்மெஸ் தெள்ளுப்பூச்சிக்குள் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் சிநேகிதன் மெக்கானிக் வாய்னெர், எண்ணெய்த் துணியோடு, மாட்டிக்கொண்ட திருடன் முழியோடு நின்றான்.

தெள்ளுப்பூச்சி என்பது அந்தக் குட்டிக் காருக்கு ஊர் வைத்த பெயர். போர் முடிந்த காலத்தில் இந்தச் சமவெளியில் ஊருக்கு ஒரு கார்ப் பைத்தியம் இருந்தான். தையல்கடை அளவு இடத்தில் குட்டி ஃபியட் ஒன்றின் எஞ்சினைப் பிரித்துப்போட்டு, குழாயை வளைத்துச் சட்டம் கட்டி, மேலே அலுமினியத் தோல் போர்த்தி, அதில் தன் பெயரையும் எழுதி ஆயிரம் மைல் கார் ஓட்டப் பந்தயத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுவான். இரண்டு கார் செய்து கடையை மூடியவர்கள் உண்டு, ஒன்றோடு மூடியவர்களும் உண்டு. பணக்காரர்கள் பெரிய பெயர்களைத் துரத்திக்கொண்டிருந்த நாளில் எர்மெஸ் இந்தக் குட்டிகளைத் தேடி மாட்டுத்தொழுவம் மாட்டுத்தொழுவமாக அலைந்தான். தெள்ளுப்பூச்சியைச் செய்தவன் லுசெத்தி என்று ஒரு கொல்லன். பந்தயக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்த தன் மச்சானின் பொடி உடம்புக்கு அளவெடுத்து, சட்டை தைப்பதுபோல் தகட்டை வளைத்திருந்தான். லுசெத்தியின் விதவையிடம் சீஸ் உருளைகளைக் கொடுத்து எர்மெஸ் அதை வாங்கிவந்த அன்றைக்கு, ஏறி உட்காரப் போனவனின் ஒரு தொடை உள்ளே போயிற்று, மற்றது போகவில்லை. கிணற்றில் விழுந்த எருமையை இழுப்பதுபோல் நீவெஸும் வாய்னெரும் சேர்ந்து இழுத்தார்கள். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்கிற கதைதான். ஓரத்தில் மூன்று விரல் அளவு வெட்டிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது என்றான் வாய்னெர். "எனக்குத் தெரியுமேடா. லுசெத்தி அடிச்ச தகடு. இத வெட்டறதுக்கு என்னை வெட்டு," என்றான் எர்மெஸ். அப்புறம் இருபது வருஷம் அதைத் துடைத்தான், தள்ளினான், எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்டான். ஒருநாளும் ஓட்டவில்லை, ஒருவரையும் ஓட்ட விடவும் இல்லை.

"நீவெஸ், பாரு. உள்ள போயிட்டேன்," என்றான் இப்போது. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. முகம் வற்றிப்போய்க் கண் மட்டும் பெரிதாக, பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் சிரித்தான்.

"கோழிக்கா ஊட்டினே? இத்தனை நாளா நான் வடிச்சுக் கொட்டினதெல்லாம் கோழிக்கா?"

"மூணு கிலோ ஏறினா இடுப்பு பிடிக்கும். ஜூன்ல பழைய கார் ஓட்டம். வாய்னெர் என் பேரைக் குடுத்தாச்சு. அது முடியட்டும், அப்புறம் நீ போடறதெல்லாம் திங்கறேன்."

"ஜூன் வரைக்கும் நீ இருப்பியாய்யா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. வாய்னெர் தரையைப் பார்த்தான். எர்மெஸ் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தான். கியர்க் குச்சியை ஒருமுறை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தான்.

அந்த வாரம் முழுக்க அவள் கெஞ்சினாள். மிரட்டினாள். ஒரு கரண்டியை அவன் உதட்டருகே பிடித்தபடி சூப் ஆறும்வரை நின்றாள். அவன் சின்னக் குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராத்திரி அவன் முதுகெலும்பு அவள் வயிற்றில் குத்தியது. இத்தனை வருஷம் அந்த முதுகு கட்டிலை அடைக்கிறது என்று சண்டை போட்டவள், இப்போது அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடத் துடித்தாள். ஒரு தகரம். ஒரு தகரத்துக்காகவா இந்த மனிதன் செத்துப்போவான்? பொறாமை என்றால் இதுதான் பொறாமை. வேறொரு பெண்ணாக இருந்திருந்தால் போய் மயிரைப் பிடித்து உலுக்கியிருப்பாள்.

வாய்னெரின் பட்டறைக்குப் போய், "அந்த மூணு விரலை வெட்டிக் குடு," என்றாள்.

"ஐயோ தாயே, என்னை விட்டுரு. தகட்டுல கத்தரி பட்டா அது பழைய கார் இல்ல, வெறும் டப்பா. ஓட்டத்துலயும் சேர்க்க மாட்டாங்க. அவன் என் மூஞ்சியில முழிப்பானா சொல்லு."

"செத்துட்டா மட்டும் முழிப்பானா?"

வாய்னெர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆனால் எழுந்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எர்மெஸ் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நீவெஸ் அவன் மடியில் போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கொட்டகைக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த தகரக் கத்தரியை எடுத்தாள். எங்கே வெட்டவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. இடுப்பு எங்கே வருமோ அங்கே வைத்து அழுத்தினாள். கல்போல இருக்கும் என்று நினைத்திருந்தது, தக்காளி டப்பாவின் மூடியைவிடக் கொஞ்சம்தான் தடிமனாக இருந்தது. இதற்காகவா என்று அழுகை முட்டியது. வெட்டினாள். தகடு முனகிச் சுருண்டது. இன்னும் வெட்டினாள். மூன்று விரலில் நிறுத்தத் தோன்றவில்லை, பழைய எர்மெஸ் மொத்தமும் உட்காரவேண்டும் என்று வெட்டினாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் சிவப்புப் பெயின்ட்டில் தெரியாமல் ஓடியது. இரண்டு கையாலும் தகட்டைப் பிடித்து வெளிப்பக்கம் வளைத்தபோது வாசலில் நிழல் தட்டியது.

எர்மெஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்ப இடம் இருக்கு," என்றாள். குரல் கீச்சிட்டது. "வேணும்னா இன்னும் வெட்டறேன். எவ்வளவு குண்டானாலும் உள்ள போகலாம். இனிமே சாக்கு கிடையாது. வந்து சாப்பிடு. என்னை அடிக்கணும்னா சாப்பிட்டுட்டு அடி."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் மெல்ல வந்து, சுருண்ட ஓரத்தை விரலால் தடவினான். அவள் கையைத் திருப்பிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சுற்றிக் கட்டினான். முடிச்சுப் போட அவனுக்கு நேரம் பிடித்தது.

"இறங்க மாட்டேங்குது, நீவெஸ்," என்றான்.

"என்ன?"

"சாப்பாடு. ஒரு வாய்கூட இறங்கல. போன மாசத்துலேர்ந்தே. தண்ணியே பாதிதான் நிக்குது. டாக்டரம்மா முழுங்க முடியுதான்னு கேட்டப்போ முடியுதுன்னு சொல்லிட்டேன். இல்லேன்னா ஆபரேஷனே கிடையாதுன்னு கைய விரிச்சிருவா. உனக்கு அந்த ஆபரேஷன் வேண்டியிருந்துச்சு."

அவள் கைக்குட்டையின் முடிச்சைப் பார்த்தாள்.

"கோழிகிட்ட மாட்டினப்போ கார் மேல பழியப் போட்டேன். நீ கார் மேல கோவிச்சுக்கிட்டு இருக்கறது பரவால்லன்னு தோணிச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "உள்ள உட்கார்ந்தது சந்தோஷந்தான். அது பொய் இல்ல."

கால் வலித்ததோ என்னவோ, வேறு உட்கார இடம் இல்லாதவனைப்போல அவன் காருக்குள் ஒரு காலை வைத்தான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் வைத்து, மெல்ல இறங்கி உட்கார்ந்தான். வெட்டிய தகட்டின் பற்கள் அவன் விலாவுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தன. கிழித்துவிடுமோ என்று நீவெஸ் பதறி மண்டியிட்டு, கைக்குட்டை சுற்றிய கையைத் தகட்டுக்கும் அவனுக்கும் நடுவில் விட்டாள். கை போயிற்று. மணிக்கட்டு போயிற்று. முழங்கைவரை உள்ளே போயும், அவன்மேல் எங்கேயும் படவில்லை.