ஒரு சீசனுக்குப் பெறாமகன்

தர்மகுலசிங்கம் ஒரு பட்டர் கேக்கோடு வாசலில் நின்றார். அதைக் கண்டதும் யோகராஜாவுக்கு யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் பட்டது. நாலு வருடமாக லண்டன் ஹவுன்ஸ்லோவில் அந்த வீட்டு மணியைப் பார்சல்காரர்களும் மீற்றர் பார்க்க வருகிறவர்களும்தான் அடித்திருக்கிறார்கள். மனைவி கனகாம்பிகை தமக்கையோடு இருந்து பார்க்கிறேன் என்று லண்டனிலேயே பார்க்கிங் என்ற ஊருக்குப் போய் ஆறு வருடம். போனவர் போனவர்தான், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை இல்லை. விமான நிலையத்தில் நடக்க ஏலாத பயணிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுகிற வேலை. முகம் பார்க்காமல், உச்சந்தலைகளை மட்டும் பார்த்தபடி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் நடப்பார். அப்படிப்பட்டவரின் வீட்டுக்கு மருதங்காட்டுக் கல்லூரிப் பழைய மாணவர் சங்க ஐக்கிய இராச்சியக் கிளையின் தலைவர், இரண்டு பெற்றோல் நிலையங்களின் முதலாளி, கேக்கோடு வருவதென்றால் சும்மா இல்லை.

"யோகராஜா, கல்லூரித்தாய் உம்மைக் கூப்பிடுறா" என்றார் தர்மகுலசிங்கம், கதிரையில் இன்னும் முழுதாக உட்காராமலே. அவருக்கு வரவேற்பறையும் மண்டபம்தான்.

கல்லூரித்தாய் கூப்பிட்ட காரணம் பிறகு தெரிந்தது. கோடைதோறும் லண்டனில் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் உதைபந்தாட்டக் கிண்ணத்துக்கு மோதுவார்கள். பழைய மாணவர்களுக்கு வயிறு வைத்து, முழங்கால் போய், ஒரு வருடம் பாதி ஆட்டத்தில் ஒருவருக்கு நெஞ்சும் பிடித்தபிறகு, மகன், மருமகன், கூடப்பிறந்தவரின் மகனான பெறாமகன் விளையாடலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். ஒரு பழைய மாணவருக்கு இரண்டு உறவுக்காரர். அதற்குப் பிறகுதான் கல்லூரிகள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தன: மகனைப் பெறவேண்டும், பெறாமகனுக்கு ஒரு கையெழுத்துப் போதும். பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று எங்கே நல்ல கால் இருந்ததோ அங்கெல்லாம் சொந்தம் முளைத்தது. பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. கேட்டால் கேட்கிறவரின் அணியே முதலில் கலையும்.

சங்கத்தில் எல்லாருடைய உறவும் முடிந்துவிட்டது. பொருளாளருக்கு ஏற்கெனவே இரண்டு பெறாமகன்மார், அதில் ஒருவன் போர்த்துக்கேயன். யோகராஜாவின் பெயருக்கு நேரே மட்டும் இரண்டு கட்டமும் வெறுமையாகக் கிடந்தன.

"பாரிசில ஒரு பெடியன் நிக்கிறான். டிலுக்சன். நடுக்களம். ஆறு மாசம் இஞ்ச நிக்கலாம்" என்று சொன்ன தர்மகுலசிங்கம், குரலை அஞ்சலிக் கூட்டத்து அளவுக்குத் தாழ்த்தினார். "உமக்கு ஒரு தம்பி இருந்தவர்தானே. அவற்ற மகன் எண்டு போடுவம். அவர் இப்ப இல்லை, ஆர் கேக்கப்போகினம்?"

யோகராஜா கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி புவனேந்திரன் தொண்ணூற்றிமூன்றில், போருக்குள், ஓர் இரவு கிளாலிக் கடலைக் கடக்க வள்ளம் ஏறியவன். வயது இருபத்திரண்டு. உடல் கிடைக்கவில்லை. கன்னத்தில் அறைந்து எழும்பிப் போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "பெடியன் எங்க தங்கப்போறான்?" என்ற கேள்வி வந்தது.

படிவத்தில், தந்தை காலமான ஆண்டு என்றொரு கட்டம். பெடியன் பிறந்தது இரண்டாயிரத்து இரண்டில். ஆகவே புவனன் அந்த இரவு கரையேற வேண்டியிருந்தது. யோகராஜா பேனையைக் கொஞ்ச நேரம் பிடித்தபடி இருந்துவிட்டு 2006 என்று எழுதினார். பதின்மூன்று வருடம். செலவில்லாமல், ஒரு கோட்டில்.

டிலுக்சன் ஒரு தோள்பையும் மூன்று சோடிச் சப்பாத்தும் கொண்டு வந்தான். பாரிஸில் அவனுக்கு அசல் தாயும், வான் ஓட்டுகிற அசல் தகப்பனும் இருந்தார்கள். சங்கம் ஆட்டத்துக்கு இருநூற்றைம்பது பவுண் கொடுத்தது. சம்பளம் என்ற சொல் மருதங்காட்டுக் கல்லூரியின் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்பதால் அதற்குப் பயணச்செலவு என்று பெயர். வீட்டிலிருந்து மைதானத்துக்கு ஒரே பஸ். ஒரு பவுண் எழுபத்தைந்து சதம்.

"நான் உங்களை எப்பிடிக் கூப்பிடுறது?" என்று முதல் நாளே கேட்டான்.

"படிவத்தின்படி பெரியப்பா."

"சரி, பெரியப்பா. இஞ்ச வைஃபை பாஸ்வேர்ட் என்ன?"

உறவு அப்படித் தொடங்கியது. எதிரணி முறைப்பாடு செய்தால் லீக்கின் விசாரணைக் குழு கூப்பிடும், அதனால் அவன் தகப்பனைப் பாடமாக்க வேண்டுமென்று சங்கம் சொல்லியிருந்தது. வேலை முடிந்து வந்து, சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, யோகராஜா பாடம் எடுப்பார். ஊர், ஒழுங்கை, பள்ளிக்கூடம், வள்ளம், இந்தியா, பாரிஸ், கோப்பை கழுவிய உணவகம், நெஞ்சுவலி. அவ்வளவும் ஒரு கிழமைக்குள் முடிந்துவிட்டது. ஆனால் யோகராஜா நிறுத்தவில்லை. புவனனுக்கு ஒரு பழைய சிவப்புக் கார் வாங்கிக்கொடுத்தார். அது பனியில் நின்றுபோன கதையைச் சொன்னார். பாரிஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி எடுக்கிற தொலைபேசியைச் சொன்னார். விசாரணைக் குழு எந்த உலகத்திலும் கேட்கப்போகாத சங்கதிகள். பெடியன் ஒரு கையால் தின்று, மறு கையால் போனைத் தடவிக்கொண்டு கேட்பான். சிலவேளை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டும் கேட்பான்.

ஜூலையில் முறைப்பாடு வந்தது. ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் மூன்று கோட்டுக்காரர் உட்கார்ந்து விசாரித்தார்கள். அந்த மூவரும் தத்தம் கல்லூரிக்குப் பெறாமகன் கொண்டுவந்தவர்கள் என்பதால் விசாரணை மிகவும் கண்டிப்பாக இருந்தது. டிலுக்சன் ஊரைச் சொன்னான், வள்ளத்தைச் சொன்னான். கடைசியில் ஒருவர், "தகப்பனைப் பற்றி உமக்கு என்ன ஞாபகம்? நாலு வயதுதானே" என்றார்.

டிலுக்சன் கொஞ்சம் யோசித்தான். "கோவம் வந்தா கதைக்கமாட்டார். ரீவியைச் சத்தமில்லாமப் போட்டுட்டுப் பாத்துக்கொண்டிருப்பார். சோறு போட்டா, தனக்கு முதல்ல கருகினதைப் போடுவார்."

கோட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முறைப்பாடு தள்ளுபடி. தர்மகுலசிங்கம் படியிறங்கும்போதே உண்மை வென்றது என்று பேசத் தொடங்கிவிட்டார். யோகராஜா பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். இதில் ஒன்றும் அவர் எடுத்த பாடத்தில் இல்லை. சத்தமில்லாத ரீவி ஹவுன்ஸ்லோவில்தான் ஓடுகிறது.

கிண்ணம் மருதங்காட்டுக்குக் கிடைத்தது. கிண்ணம் கிடைத்தால் விலை ஏறும். அடுத்த கோடைக்கு டிலுக்சனைச் சாளம்பைத்துறைக் கல்லூரி கேட்கிறது என்ற கதை ஓகஸ்ட் முடியமுன் வந்துவிட்டது. அணி மாறுவதற்கும் விதி இருந்தது: தந்தைவழியில் விளையாடியவன் ஒருமுறை மட்டும் தாய்வழி உறவுக்காரரின் கல்லூரிக்குப் போகலாம், முதலில் கையெழுத்திட்ட உறவுக்காரர் சம்மதித்தால். சம்மதிக்காவிட்டால் ஒரு வருடம் எவருக்கும் விளையாட ஏலாது.

தர்மகுலசிங்கம் போன் எடுத்தார். "கையெழுத்து வைக்கக் கூடாது, யோகராஜா. இது கல்லூரித்தாயின்ர மானம்."

"பெடியன் ஒரு வருசம் சும்மா இருக்கவேணும்."

"அவன் பாரிசுக்குப் போவான். உமக்கென்ன கவலை? வேற பெறாமகன் எடுத்துத் தாறம். பெல்ஜியத்தில ஒருத்தன் நிக்கிறான். இடது கால்."

யோகராஜா போனை வைத்துவிட்டு ரீவியைச் சத்தமில்லாமல் போட்டார். பிறகு தான் செய்வது தெரிந்து நிறுத்தினார்.

ஞாயிறு மத்தியானம் சாளம்பைத்துறையின் ஆள் வந்தார். பெனடிக்ற், கோலியர்ஸ் வுட்டில் குழாய் திருத்துகிறவர். மெல்லிய, கூச்சமான மனிதர். கேக் கொண்டுவரவில்லை, காலணியைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். டிலுக்சன் கதவோரம் நின்றான்.

"நானூறு குடுக்கினம், பெரியப்பா" என்றான் நிலத்தைப் பார்த்து. "பெனடிக்ற் மாமா வீட்டில ரூம் இருக்கு."

அதற்குள் மாமா. யோகராஜா படிவத்தை வாங்கிப் பார்த்தார். பழைய படிவத்தில் தாயின் கட்டத்தைத் தேவையில்லை என்று விட்டிருந்தார்கள். இதில் நீல மையில் நிரப்பியிருந்தது: சுவர்ணா. பெனடிக்ற்றின் தங்கை. புவனேந்திரன் கட்டியது அவளைத்தான்.

"வேதக்காரரே?" என்றார் யோகராஜா.

"ஓம் அண்ணை. படிவத்தில சமயம் கேக்கேல்லை."

"புவனன் என்னட்ட ஒரு சொல்லும் சொல்லேல்லை."

பெனடிக்ற் டிலுக்சனைப் பார்த்தார். டிலுக்சன் கூரையைப் பார்த்தான்.

"அண்ணை," என்றார் பெனடிக்ற் மெதுவாக, "ஒருத்தரும் ஒருத்தரையும் கட்டேல்லை."

"எனக்குத் தெரியாதே? எண்டாலும் ஒரு முறை இருக்கு. தமையன் நான் இருக்கிறன். பொம்பிளை ஆர், எப்பிடி எண்டு கேக்காமல்…" தன் குரல் ஏறியிருப்பது அவருக்கே கேட்டது. "உங்கட தங்கச்சி உண்மையிலயே இருக்கிறவவோ?"

"இருக்கிறா. யாழ்ப்பாணத்தில படிப்பிச்சுக்கொண்டிருந்தவ, இப்ப பென்சன். கலியாணம் சரிவரேல்லை. பேர் போடட்டோ எண்டு கேட்டனான். சிரிச்சவ. அப்படியாவது ஒருக்கா நடக்கட்டும் எண்டவ."

வெளியே யாரோ புல்வெட்டி இயந்திரத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை.

"நீ என்ன சொல்லுறாய்?" என்று யோகராஜா பெடியனைக் கேட்டார்.

"நீங்கள் வேண்டாமெண்டா நான் பாரிசுக்குப் போறன். கோவிக்கமாட்டன்." பிறகு, "கோலியர்ஸ் வுட் ஒண்டும் தூரமில்லை, பெரியப்பா" என்றான்.

தூரமில்லைதான். பார்க்கிங்கும்தான் தூரமில்லை. யோகராஜா சக்கர நாற்காலி தள்ளுகிற மனிதர். விமானக் கதவுவரை கொண்டுபோய்ப் பிடித்து எழுப்பிவிடுவார், அதற்கு மேல் பயணம் அவர்களுடையது. கையெழுத்து வைக்காவிட்டால் இந்தப் பெடியன் பாரிஸில். வைத்தால் கோலியர்ஸ் வுட்டில். இரண்டிலும் இந்த வீட்டு மேல்மாடி அறை காலி. ஒன்றில் புவனனுக்கு ஒரு மனைவியாவது மிஞ்சுகிறாள்.

திருமண ஆண்டு என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. அது தந்தைவழிக்காரர் நிரப்பவேண்டியது. யோகராஜா 1999 என்று எழுதி, கையெழுத்தை முழுப்பெயராகவே வைத்தார்.

தோள்பை வாசலைத் தாண்டிப் போகும்போது டிலுக்சன் திரும்பிக் கட்டிப்பிடித்தான், பிரெஞ்சுக்காரர் போல இரண்டு கன்னத்திலும் கன்னம் வைத்து. பெனடிக்ற்றின் வான் மூலையில் இண்டிகேற்றர் போட்டது. கல்லூரித்தாயின் மானத்தைப் பற்றித் தர்மகுலசிங்கம் எட்டு நிமிடக் குரற்பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். யோகராஜா கேட்காமலே அழித்தார். சோறு இரண்டு பேருக்கு இருந்தது. ஒரு கோப்பையில் போட்டுக் கொண்டுவந்து உட்கார்ந்தபோது போன் மறுபடியும் ஒளிர்ந்தது. பெயரில்லாத இலங்கை நம்பர்.

"வணக்கம். நான் சுவர்ணா. உங்கட நம்பர் அண்ணா தந்தவர். கையெழுத்து வச்சீங்கள் எண்டு சொன்னார். படிவத்துக்காகக் கேக்கேல்லை, சும்மாதான் கேக்கிறன். அவர் எப்பிடி ஆள்?"

யோகராஜா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். நல்ல உயரம் என்று எழுதினார். உயரமோ என்று யோசித்தார், அழித்தார். சிவப்புக் காரை எழுதப்போய் நின்றார். அது அவர் வாங்கிக்கொடுத்த கார். எது தம்பி, எது பாடம் என்று பிரித்தெடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. சோறு ஆறிக் காய்ந்தது. கடைசியில் எழுதினார்: "அவனுக்குப் பந்தெண்டாப் பயம். பள்ளிக்கூடத்தில பந்து வந்தா என்ர முதுகுக்குப் பின்னால வந்து நிப்பான். சேட்டு நுனியைப் பிடிச்சுக்கொண்டு."

அனுப்பினார். இரண்டு கோடும் நீலமாயின. மேலே, எழுதுகிறார் என்று வந்தது, போனது, மறுபடி வந்தது. கூரைக்கு மேலே ஒரு விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தாழப் போக, மேசையில் கரண்டி அதிர்ந்தது. யோகராஜா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.