நாலு ஆம்பளைகளின் கன்னம்

கல்லூரியில் இரண்டாமாண்டு முடித்த கோடையில் எவாஞ்சலினுக்கு விருதுநகர் ஆய்வகம் ஒன்றில் எட்டு வாரப் பயிற்சி கிடைத்தது. திருத்தங்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். பட்டாசு மருந்தின் தூசி தொழிலாளர்களின் கன்னத்து உட்புறச் செல்களைக் கெடுக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலைத் தொழிலாளர்கள் அறுபது பேரிடம் ஆளுக்கொரு சின்ன பிரஷ்ஷும் மருந்துநீர் ஊற்றிய குழாயும் கொடுத்திருந்தாள். காலையில் வாய் கொப்பளித்து, கன்னத்தின் உள்ளே தேய்த்து, பிரஷ்ஷைக் குழாயில் முக்கி மூடித் தரவேண்டும். குழாயின் மேல் பெயர் கிடையாது. எண், வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான்.

நான்காவது வாரம் முப்பத்தொன்றாம் எண்ணை நுண்ணோக்கியில் வைத்தாள். நாற்பத்திரண்டு வயது ஆண். ஆனால் செல்லுக்குச் செல் உட்கருவின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டியிருந்தது. அந்தப் புள்ளி பெண்களின் செல்லில்தான் இருக்கும்.

"மேடம், இந்த ஆம்பளை பொம்பளையா இருக்காரு."

"சாயம் திட்டுத்திட்டா ஒட்டியிருக்கும். மறுபடி பாரு" என்றார் ஞானஜோதி மேடம். ஆய்வுக்குப் பொறுப்பு அவர்தான்.

மறுபடி பார்த்தாள். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு எல்லாம் அதே கதை. மேடமே வந்து குனிந்து பார்த்தார். அடக்கிய சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

"நாலையும் கணக்குல சேக்காத. நேர்ல போய் என்னன்னு கேட்டுட்டு வா. பக்குவமா கேளு."

எண்ணுக்கு நேரே பெயரும் வீடும் எழுதிவைத்த பதிவேட்டில் நால்வரும் ஒரே வரிசை வீட்டுக்காரர்கள். முதல் வீடு சங்கிலிமுத்துவுடையது. ஞாயிற்றுக்கிழமை அவள் படியேறியதும் அவர் சட்டையைத் தேடினார். மனைவி சொர்ணலட்சுமி அவரைத் தடுத்து உட்காரவைத்துவிட்டு மோர் கொண்டுவந்தாள்.

எவாஞ்சலினுக்குள் குறும்பு தலைதூக்கியது. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, உங்க குழாயப் பாத்தோம். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"ஏதும் பெரிய சீக்கா பாப்பா?" அவர் முகம் வெளுத்துவிட்டது.

விளையாட்டு அதிகமாகிவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. "ஐயோ, சீக்கெல்லாம் இல்ல! அந்தக் குழாய்ப்படி நீங்க பொம்பள. அம்புட்டுதான்."

சொர்ணலட்சுமி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சிருவாகன்னு நாந்தான் அப்பமே சொன்னேன்ல?" என்றாள் புருஷனிடம். பிறகு எவாஞ்சலினைப் பார்த்து, "இவுக வீட்ல பீடி குடிப்பாக பாப்பா. அது குழாயில தெரிஞ்சு, கம்பெனில வேலைக்கு வேண்டாம்னுட்டா? அதான் நான் தேச்சுக் குடுத்தேன். பக்கத்து வீட்டு மூணு பேரும் எங்களுக்கும் தேச்சுக் குடுங்க மயினின்னு வந்து நின்னாக. நாலு தடவை தேச்சதுல ரெண்டு நாளு உறைப்பே திங்க முடியல!"

எவாஞ்சலின் சிரித்துவிட்டாள். ஆனால் தப்பு யாருடையது என்று யோசித்தபோது சிரிப்பு நின்றது. பீடி உண்டா என்ற கேள்வியை அவள் ஃபேக்டரி வாசலில், போர்மேன் பொன்ராஜை அருகில் வைத்துக்கொண்டல்லவா எல்லாரிடமும் கேட்டிருந்தாள்? அறுபது பேரும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"பேரு, பீடி எதுவும் கம்பெனிக்குப் போகாது. இத அன்னைக்கே தனியா சொல்லியிருக்கணும். எம்மேலதான் தப்பு" என்றாள்.

புதுக் குழாய்கள் பையிலேயே இருந்தன. பக்கத்து வீட்டு மூவரையும் சொர்ணலட்சுமியே கூப்பிட்டு வந்தாள். நால்வரும் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து வாயைக் கோணிக்கொண்டு தேய்த்தார்கள்.

"நல்லா அழுத்துங்க! நான் தேச்சப்ப இதெல்லாம் ஒரு வலியான்னு கேட்டீகள்ல?" என்று அவள் நடுவில் நின்று அதட்டினாள்.

நான்கு குழாயும் இம்முறை ஆண்தான். மேடம் அதோடு விடவில்லை. பீடியும் கன்னத்துச் செல்லைக் கெடுக்கும் என்பதால், அறுபது வீட்டுக்கும் போய் அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்டு வரச் சொன்னார். அக்கினி வெயிலில் இரண்டு வாரம் அலைந்ததில் இருபத்திரண்டு பேர் பதிலை மாற்றினார்கள். அறுபதில் கடைசி வீடு போர்மேன் பொன்ராஜுடையது. அவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஆமான்னு போட்டுக்கிடுங்க பாப்பா. ஆனா நம்ம பயலுகளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

பயிற்சியின் கடைசி நாள் மற்ற பயிற்சி மாணவர்களோடு எவாஞ்சலினும் தன் முடிவுகளை மேடையில் வாசித்தாள். சிறந்த ஆய்வுக்கான பரிசு வேறொருத்திக்குப் போனது. ஆனால் நாலு குழாயின் கதையை, பெயரில்லாமல், அவள் சொன்னபோது சபையே சிரித்த சிரிப்பில் அடுத்து வாசிக்க வந்தவன் ஐந்து நிமிடம் மைக் முன்னால் காத்து நின்றான்.