அடங்காத சத்தம்

கண்ணாடிக் கடையில் பதினொரு வருஷமாகக் கண் பரிசோதனை செய்கிறவள் அவள். அதனால் மகள் ஓயாமல் கண்ணைச் சிமிட்டத் தொடங்கியபோது, இது நம் கைக்குள் அடங்குகிற சமாச்சாரம் என்றுதான் நினைத்தாள். கடைக்குக் கூட்டிப் போய்த் தன் கருவிக்கு முன்னால் உட்காரவைத்தாள். எட்டு வயதுக்காரி கடைசி வரிப் பொடி எழுத்துகளைக்கூடக் கடகடவென்று வாசித்தாள்.

ஒரு மாதத்தில் சிமிட்டல் தானாக நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் தோள் வெடுக்கென்று குலுங்க ஆரம்பித்தது. அதன் பின்னாலேயே தொண்டையிலிருந்து ஒரு சத்தம், விக்கலுக்கும் கனைப்புக்கும் நடுவில். சளி மருந்து, அலர்ஜி மாத்திரை, வெந்நீர் எதற்கும் அது மசியவில்லை. வகுப்பில் பிள்ளைகள் அதே சத்தத்தைத் திருப்பிச் செய்து சிரித்தார்கள். பாடம் நடத்த முடியவில்லை என்று டீச்சர் மகளை வராந்தாவில் உட்காரவைத்தார்.

அம்மா கெஞ்சினாள். மிரட்டினாள். சைக்கிள் வாங்கித் தருவதாக ஆசை காட்டினாள். ஒருநாள் பொறுமை போய்த் தோளில் பளாரென்று ஒன்று வைத்தாள். அடி விழுந்த தோளே மறுபடி குலுங்கியது.

"நான் பண்ணலைம்மா. அதுவா வருது."

"அதுவா வர்றதுக்கு அது என்ன விருந்தாளியா? அடக்குடி."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சாப்பிட வருவதாக இருந்தது. போன தடவை வந்தபோதே, செல்லம் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனவள். "அத்தை போற வரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது. அம்மா மானத்தைக் காப்பாத்து" என்று மகளிடம் சொல்லிவைத்தாள். குழந்தை தலையாட்டியது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் விட்டாள். அத்தை வந்து ஒரு மணி நேரம், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பொம்மை போல உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா? கண்டிச்சா கேக்குது. இத்தனை நாளும் வேணும்னேதான் பண்ணியிருக்கு" என்றாள் நாத்தனார்.

மகள் எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் ஓசை கேட்டது. வெகு நேரமாகியும் தண்ணீர் நிற்கவில்லை. அம்மா போய்க் கதவைத் தள்ளினாள்.

குழந்தை துவாலையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தது. தோள், கழுத்து, வயிறு எல்லாம் மாறி மாறித் தூக்கிப்போட்டன. துணியையும் மீறிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அம்மாவைக் கண்டதும் வாயிலிருந்ததை உருவி, "அத்தைக்குக் கேக்கலையேம்மா?" என்றாள்.

அம்மா ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து மகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு நரம்பு டாக்டரிடம் ஓடினாள். தானாக வரும் இந்த அசைவையும் சத்தத்தையும் டிக்ஸ் என்பார்கள், பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை, வளர்ப்பில் வந்த கோளாறும் இல்லை என்றார் அவர். "தும்மலை எவ்வளவு நேரம் அடக்குவீங்க? இவ நாள் முழுக்க அடக்கப் பாக்கறா."

"எப்ப நிக்கும் டாக்டர்? ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க."

"நிறைய பேருக்கு வளர வளரக் குறையும். சிலருக்குத் தங்கிடும். இவளுக்கு எப்படின்னு இப்ப சொல்ல முடியாது. மாத்திரை உடனே வேண்டாம், பயிற்சி இருக்கு, சொல்லித் தரேன். அதுவரைக்கும் நிறுத்து நிறுத்துன்னு சொல்லாதீங்க."

சொல்லாமல் இருப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தபடி அம்மா எழுந்தாள்.

அங்கிருந்து நேரே பள்ளிக்கூடம் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். "முப்பத்தாறு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றார் டீச்சர்.

"வெளியே மட்டும் அனுப்பாதீங்க டீச்சர். அவளுக்கே முடியலைன்னா எழுந்து போய்ட்டு வரட்டும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"பார்க்கலாம்" என்றார் டீச்சர்.

அந்த வாரம் சத்தம் கூடித்தான் போனது. சாயங்காலம் மகள் கணக்குப் போட, அம்மா எதிரே துணி மடித்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நாக்கு நுனி வரை வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"கோவமாம்மா?"

"உன் மேல இல்லைடா. அன்னிக்கு அடிச்சேனே, அது என் தப்பு."

மகள் தோள் குலுங்க, சத்தம் போட்டபடியே அடுத்த கணக்குக்குப் போனாள்.